கூலியைக் கூட்டுவதை எப்படிச் சொல்வது?

(தொடர்கல்வி மையத்தில் நிகழ்த்திய பேச்சு)



துணி தேய்ப்பவர், முடி வெட்டுபவர், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர், மாவு அரைத்துக் கொடுப்பவர், ரவிக்கை தைப்பவர். இவர்கள் பொருள் விற்பவர்கள் அல்ல. உழைப்பை விற்பவர்கள். கடையில் சோப்பு விலை ஏறினால், அது உறைமேலேயே அச்சாகி வந்துவிடும். கடைக்காரர் வாய் திறக்க வேண்டியதில்லை. "கம்பெனி ஏற்றிவிட்டது" என்று கையை விரித்துவிடலாம். உழைப்பை விற்பவருக்கு அந்த வசதி கிடையாது. தன் கூலியைத் தானேதான் ஏற்ற வேண்டும். ஏற்றியதைத் தானேதான் சொல்லவும் வேண்டும். அதுவும் தினமும் முகம் பார்க்கிற மனிதர்களிடம்.

இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "இன்னும் ஒரு மாதம் போகட்டும்" என்று தள்ளிப் போடுகிறார்கள். தீபாவளி வருகிறது, அது போகட்டும் என்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், பாவம், அவர்களுக்கும் செலவு என்கிறார்கள். இப்படியே நாலு வருடம் ஓடிவிடும். கூலி அங்கேயே நிற்கும். கரி விலையும் அரிசி விலையும் நிற்காது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மும்பையில் மாட்டுங்கா என்று ஒரு பகுதி. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். குஜராத்திக் குடும்பங்களும் அங்கே நிறைய உண்டு. பக்கத்திலேயே தாராவி. அங்கேயும் தமிழர்கள் ஏராளம். தாராவியில் குடியிருந்து, மாட்டுங்காவில் ஒரு மாடிக் கட்டடத்தின் வாசலில் மேசை போட்டுத் துணி தேய்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வீடுகளில் அவரை அக்கா என்று கூப்பிடுவார்கள். மராட்டி பேசுகிறவர்கள் 'தாயி' என்பார்கள். தாயி என்றால் மராட்டியில் அக்காதான்.

அக்கா காலையில் வீடு வீடாகப் போய்த் துணி வாங்குகிறார். மாலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நடுவில் நாள் முழுவதும் நின்றபடி வேலை. கரிப்பெட்டி லேசான பெட்டி அல்ல. ஐந்து ஆறு கிலோ இருக்கும். அதை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இழுக்கிறார் என்று யாரும் எண்ணியது இல்லை.

இனி கணக்கு. இதில் வரும் எண்கள் உதாரணத்துக்காகத்தான். அவரவர் தொழிலின் எண்களை அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கா ஒரு நாளைக்கு 60 உருப்படி தேய்க்கிறார். ஓர் உருப்படிக்கு 6 ரூபாய். வரவு 360 ரூபாய். ஒரு நாளைக்கு 4 கிலோ கரி ஆகிறது. நாலு வருடத்துக்கு முன்னால் கரி கிலோ 25 ரூபாய். கரிச்செலவு 100 ரூபாய். கையில் நின்றது 260 ரூபாய். இப்போது கரி கிலோ 40 ரூபாய். கரிச்செலவு 160 ரூபாய். கையில் நிற்பது 200 ரூபாய்.

ஒரு நாளைக்கு 60 ரூபாய் குறைந்துவிட்டது. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 1,560 ரூபாய். அதே துணி. அதே வெயில். அதே தோள்வலி. யாரும் அவர் கூலியைக் குறைக்கவில்லை. ஆனாலும் குறைந்துவிட்டது. கூலியை ஏற்றாமல் இருப்பதே கூலியைக் குறைப்பதுதான். இந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்க்கும்வரை இது பலருக்குத் தெரிவதில்லை. "முன்னே போல மிச்சம் ஆக மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

எவ்வளவு ஏற்றலாம்? உருப்படிக்கு 7 ரூபாய் என்றால் வரவு 420. கரிக்கு 160 போக 260. அதாவது நாலு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே பணம். ஆனால் இந்த நாலு வருடத்தில் அரிசியும் பருப்பும் வாடகையும் ஏறியிருக்கின்றன. பழைய 260 இன்றைக்குப் பழைய 260 ஆகாது. 8 ரூபாய் என்றால் வரவு 480. கரி போக 320. இதுதான் சரியான இடம் என்று அக்கா முடிவு செய்கிறார்.

ஆறரை ரூபாய் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வைக்க முடியாது. 50 பைசா நாணயம் இன்றும் செல்லும். சட்டப்படி அது பணம்தான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. ஆனால் 50 பைசாவைக் கொடுத்தால் வாங்குகிறவர் எத்தனை பேர்? சில்லறைக்காகத் தினமும் வாசலில் நின்று பேச வேண்டிவரும். முழு ரூபாய்தான் நல்லது.

இனி அந்தப் பயம். "ஏற்றினால் வாடிக்கை போய்விடும்." பயம் நியாயமானதுதான். ஆனால் பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 8 ரூபாய் ஆன பிறகு ஒரு நாளைக்கு 10 உருப்படி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 50 உருப்படி. வரவு 400 ரூபாய். துணி குறைந்ததால் கரியும் கொஞ்சம் குறையும். மூன்றரைக் கிலோ என்றால் 140 ரூபாய். கையில் 260. ஆறில் ஒரு பங்கு துணி போன பிறகும், இன்றைய 200 ரூபாயைவிட அதிகம். வேலையும் குறைவு. இந்தக் கணக்கு கையில் இருந்தால் வாடிக்கைக்காரர் முன்னால் குரல் நடுங்காது.

ஆனால் எல்லாம் சொல்லுகிற விதத்தில் இருக்கிறது. இதில்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சிலர் சொல்லாமலே ஏற்றுகிறார்கள். மாவு அரைப்பவர் கூலியை மாற்ற மாட்டார். மிஷினில் ஒட்டிய மாவு என்று ஒரு கை அதிகமாக நிறுத்திக்கொள்வார். தையல்காரர் பழைய கூலிக்கே தைப்பார். மடிப்பைக் குறைத்துத் துணியை மிச்சம் பிடிப்பார். துணி தேய்ப்பவர் சட்டையின் முன்பக்கம் மட்டும் நன்றாகத் தேய்ப்பார். முதுகுப்பக்கம் ஒரே இழுப்பு. இது கூலி உயர்வைவிட மோசமானது. கூலி உயர்வு எதற்கு என்று வாடிக்கைக்காரருக்குத் தெரியும். மாவு குறைந்தது எதனால் என்று தெரியாது. அவர் ஒன்றும் கேட்கவும் மாட்டார். அடுத்த வாரம் வேறு மில்லுக்குப் போய்விடுவார். போன பிறகு காரணம் கேட்கக்கூட ஆள் இருக்காது.

இன்னும் சிலர் வேலை முடிந்த பிறகு சொல்கிறார்கள். துணியைத் தேய்த்து அடுக்கி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "இந்த வாரத்திலிருந்து எட்டு ரூபாய்" என்பார்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு ரூபாய்க்காக அல்ல. துணி கொடுக்கும்போது ஒரு பேச்சு, வாங்கும்போது ஒரு பேச்சு என்பதால். "முன்னாலேயே சொல்லியிருந்தால் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பேனே" என்று அவர் கேட்டால் பதில் கிடையாது. அவர் கேட்பது நியாயம். துணி கைமாறும் முன்னால் சொன்னால் அது பேச்சுவார்த்தை. தேய்த்த பிறகு சொன்னால் வம்பு.

பொய்க் காரணம் சொல்பவர்களும் உண்டு. "அரசாங்கம் வரி போட்டுவிட்டது, ஜிஎஸ்டி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில், சேவைத் தொழில் செய்பவரின் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். சில சிறிய மாநிலங்களில் 10 லட்சம். அக்காவின் வருட வரவு இதன் பக்கத்தில்கூட வராது. பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அது சட்டம். இதைத் தெரிந்த வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்தால் போதும், அத்தனை வருடம் சம்பாதித்த நல்ல பெயர் போய்விடும். உண்மையான காரணமே பலமாக இருக்கும்போது பொய் எதற்கு? கரி விலை ஏறிவிட்டது. நாலு வருடமாகக் கூலி ஏறவில்லை. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

மும்பையிலேயே இதற்கு ஒரு நல்ல வழி கண்ணெதிரே இருக்கிறது. நகரத்தின் தென்பகுதியில் ஆட்டோ ஓட அனுமதி இல்லை. மாட்டுங்காவில் டாக்சிதான். கறுப்பும் மஞ்சளுமான டாக்சி. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 2021 மார்ச் 1 அன்று 22 ரூபாயிலிருந்து 25 ஆனது. 2022 அக்டோபர் 1 முதல் 28. 2025 பிப்ரவரி 1 முதல் 31. எல்லா டாக்சியின் மீட்டரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அதுவரை ஓட்டுநர் என்ன செய்வார்? ஓர் அட்டை வைத்திருப்பார். அதில் ஒரு வரிசையில் மீட்டர் காட்டும் பழைய தொகை. அதற்கு நேரே புதிய தொகை. பயணி அட்டையைப் பார்ப்பார், பணத்தைக் கொடுப்பார். ஓட்டுநர் தனக்காக வாதாட வேண்டியதில்லை. அட்டை பேசிவிடும்.

டாக்சிக் கட்டணத்தை முடிவு செய்வது அரசு. துணி தேய்க்கும் கூலியை முடிவு செய்ய எந்த அதிகாரியும் வர மாட்டார். அந்த அட்டையும் அக்காவுக்கு எங்கிருந்தும் வராது. அவரே எழுத வேண்டும். இங்கேதான் படித்த படிப்பு கைகொடுக்கிறது. எழுதத் தெரியாத காலத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வாயால் சொல்ல வேண்டும். முப்பது வீடு என்றால் முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறிப்போகும். மூன்றாம் மாடியில் எட்டு ரூபாய் என்று சொன்னது, முதல் மாடிக்கு வரும்போது "ஏழு கொடுங்கள் போதும்" என்று ஆகிவிடும். எழுதிய எண் அப்படி இளகாது.

அக்கா ஓர் அட்டையில் எழுதுகிறார்:

ஜூலை 1 முதல்
சட்டை, பேன்ட்: 8 ரூபாய்
பள்ளிச் சீருடை: 6 ரூபாய் (மாற்றம் இல்லை)
கரி விலை: முன்பு 25, இப்போது 40

இவ்வளவுதான். "அன்பான வாடிக்கையாளப் பெருமக்களே, தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று நீளமாக எழுத வேண்டியதில்லை. யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது தப்பு அல்ல. தேதி பெரிதாக இருக்க வேண்டும். தொகை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மாட்டுங்காவில் தமிழ் படிப்பவரும் உண்டு, குஜராத்தி படிப்பவரும் உண்டு, மராட்டி படிப்பவரும் உண்டு. 8 என்ற எண்ணை எல்லோரும் படிப்பார்கள். கூடவே ஒரு சட்டைப் படம் வரைந்துவிட்டால் மொழியே தேவையில்லை. தமிழ் வரிகளுக்குக் கீழே இந்தியிலும் எழுதிக் கொடுக்கும்படி வாடிக்கை வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லும்?

சீருடைக்கு ஏன் பழைய கூலி? அது அக்காவின் சாமர்த்தியம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீடுகள்தான் தினமும் துணி கொடுப்பவை. அந்த வீடு நின்றுவிட்டால் பெரியவர்களின் சட்டையும் சேர்ந்து நிற்கும். 60 உருப்படியில் 10 சீருடை என்றால், வரவு 460. கரி போக 300. இருபது ரூபாய் குறைகிறது. ஆனால் அட்டையில் "மாற்றம் இல்லை" என்று ஒரு வரி இருந்தால் அட்டை முழுவதும் கொஞ்சம் மென்மையாகிவிடும். சலுகை கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் கொடுக்க வேண்டும். துணியைப் பார்த்து, எல்லோருக்கும் தெரியும்படி. ஆளைப் பார்த்து ரகசியமாக அல்ல. ஒரே கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு 7, எதிர் வீட்டுக்கு 8 என்றால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாயடியில் தெரியாத விஷயம் உண்டா?

அட்டையை ஜூன் முதல் வாரத்திலேயே மேசைமேல் வைத்துவிட வேண்டும். துணி வாங்கப் போகும்போது கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சில வீடுகளில் மாதக் கணக்கு இருக்கும். அங்கே இது இன்னும் முக்கியம். ஜூன் மாதத் துணிக்கு ஜூன் கூலி. ஜூலை மாதத் துணிக்கு ஜூலை கூலி. ஜூன் 30 அன்று வாங்கி ஜூலை 1 அன்று கொடுக்கும் துணிக்கு? பழைய கூலிதான். வாங்கிய நாள் கணக்கு. இதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பத்து ரூபாய்க்காக ஒரு வீட்டை இழக்க வேண்டிவராது.

என்னதான் அட்டை இருந்தாலும் சிலர் வாயால் கேட்கத்தான் கேட்பார்கள். இரண்டாம் மாடி மாமி கேட்பதாக வைத்துக்கொள்ளலாம்.

"ஏம்மா, ஒரேயடியா ரெண்டு ரூபாயா ஏத்தறே?"

"ஆமாம் மாமி. நாலு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் ஏத்தறேன்."

"கோடி வீட்டு வாசல்லே ஒருத்தன் ஆறு ரூபாய்க்குத் தேய்க்கறானாமே?"

"இருக்கும் மாமி. நீங்க அங்கேயும் கொடுத்துப் பாருங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"ஏழாவது வெச்சுக்கோயேன்."

"கரி இருபத்தஞ்சு வித்தது, இப்ப நாப்பது. ஏழு வெச்சா கரிக்குத்தான் சரியாப் போகும் மாமி. எனக்கு ஒண்ணும் ஏறாது."

அக்கா இதற்கு மேல் பேசவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் சொல்லவில்லை. மகள் படிப்பு, வீட்டுக்காரர் உடம்பு என்று எதையும் இழுக்கவில்லை. இழுத்தால் கூலி பிச்சை மாதிரி ஆகிவிடும். போட்டிக்காரரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. ஒரு காரணம், ஓர் எண், பிறகு அமைதி. அமைதியாக இருப்பதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் முகம் சுருங்கியதும் "சரி, நீங்க ஏழே கொடுங்க" என்று வாய் தானாக இறங்கிவிடும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்க வேண்டும்.

நிஜமாகவே முடியாதவர் ஒருவர் இருக்கலாம். தனியாக இருக்கும் வயதானவர், வாரத்துக்கு இரண்டு வேட்டி கொடுப்பவர். அவருக்கு அக்கா என்ன செய்கிறார் என்பது அவருடைய மனசு. ஆனால் அதற்காக அட்டையில் உள்ள எண்ணை மாற்றத் தேவையில்லை. ஒரு வேட்டியைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்துவிடலாம். அது தானம். கூலி வேறு, தானம் வேறு.

சிலர் போவார்கள். போகட்டும். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. "எப்ப வேணும்னாலும் கொடுங்க" என்று சொல்லி வைக்க வேண்டும். கோடி வீட்டு வாசலில் தேய்ப்பவரும் அதே கரியைத்தான் வாங்குகிறார். அவரும் எத்தனை நாளைக்கு ஆறு ரூபாயில் நிற்பார்? அவரோடு பகை வேண்டாம். கரி எந்தக் கடையில் மலிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். கரியை விட்டு கேஸ் பெட்டிக்கு மாறலாமா என்று சேர்ந்து யோசிக்கலாம். மாறுவதானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது. தொழிலுக்கு என்று 19 கிலோ சிலிண்டர் தனியாக உண்டு. அதன் விலையை எண்ணெய்க் கம்பெனிகள் வழக்கமாக ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி மாற்றி அறிவிக்கின்றன. ஏறும், சில மாதம் இறங்கவும் செய்யும். அதற்காக மாதாமாதம் துணிக்கூலியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. வருடம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஜூலை முதல் வாரம் கொஞ்சம் கவனம் வேண்டும். இப்போது பாதிப் பேர் போனிலேயே பணம் அனுப்புகிறார்கள். பழக்கத்தில் பழைய தொகையையே அனுப்பிவிடுவார்கள். பத்து உருப்படிக்கு 80 வர வேண்டிய இடத்தில் 60 வரும். ஏமாற்ற வேண்டும் என்று அல்ல. விரல் பழகிவிட்டது. அந்தச் சமயத்தில் சும்மா இருந்தால் அடுத்த வாரமும் 60தான் வரும். நோட்டைத் திறந்து, "இருபது பாக்கி, அடுத்த தடவை சேர்த்து அனுப்புங்க" என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சொன்னதை நோட்டில் அந்த வீட்டுப் பெயருக்கு நேரே எழுதவும் வேண்டும்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா இன்னொன்றும் எழுதி வைக்கிறார். கூலி ஏற்றிய தேதி, அன்றைய கரி விலை, அன்றைய தினசரி உருப்படி. அதற்குக் கீழே அடுத்த வருடம் ஜூன் 1 என்று ஒரு தேதி. அன்றைக்குக் கரி விலையைப் பார்த்து மறுபடி கணக்குப் போட வேண்டும். ஏற்றத் தேவையில்லை என்று கணக்கு சொன்னால் ஏற்ற வேண்டாம். ஒரு ரூபாய் ஏற்ற வேண்டும் என்றால், மாமியிடம் ஒரு ரூபாய்க்கு மட்டும் பேசினால் போதும்.